நான்காவது சக்கரம்

"ம்" என்று பதில் வர வேண்டிய இடத்தில் இரண்டு தட்டல்கள் வந்தன. மோதிரம் போட்ட விரலால் கதவுத் தகரத்தைத் தட்டுவதுபோல. டொக், டொக்.

பிக்கப்பின் பின்புறம், வலது சக்கரத்தை ஒட்டிச் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த செந்தமிழனுக்கு, கையில் இருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. பயந்துபோய் அல்ல, நாக்கைக் கடித்துக்கொண்டு. ஒரு நொடிக்கு முன்னால் அவன் வாயிலிருந்து வரக்கூடாத பெயர் ஒன்று வந்துவிட்டிருந்தது. ஆறு மாதமாக அவனும் அவன் மனைவி சரசுவும் சத்தமாகச் சொல்லாத பெயர். பிரேக்கை மிதிப்பதற்காக டிரைவர் சீட்டில் அவன் உட்கார்த்தி வைத்திருந்ததும் அந்தச் சரசுவைத்தான்.

பெயர்தான் செந்தமிழன். வாயைத் திறந்தால் பாதிக்குப் பாதி இந்தி. தீவில், வண்டூரில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறெப்படி இருக்கும்? பக்கத்து வீடு பெங்காலி, எதிர் வீடு தெலுங்கு, மீன் எடுக்க வருகிறவர் மலையாளி. வீட்டுக்குள் மட்டும் ராமநாதபுரத்துத் தமிழ். வேலை என்று குனிந்துவிட்டால் அதுவும் மறந்துபோகும்.

அந்த டீசல் பிக்கப்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. விடியுமுன் படகு ஜெட்டியில் மீனும் ஐஸும் ஏற்றி, வெயில் ஏறுமுன் போர்ட் பிளேர் சந்தையில் இறக்க வேண்டும். மேலிருந்து மீன் தண்ணீர், கீழிருந்து உப்புக்காற்று. நடுவில் மாட்டிக்கொண்ட இரும்பு எத்தனை நாள் தாங்கும்? அதனால் வண்டியைக் கைக்குழந்தைபோலப் பார்த்துக்கொள்வான். தவறாமல் எஞ்சின் ஆயில் மாற்றுவான். டீசல் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து தங்கிய தண்ணீரை வடிப்பான். ஸ்பிரிங் பட்டைகளுக்கு கிரீஸ் அடிப்பான். குடிக்கவே தண்ணீர்த் தட்டுப்பாடு வரும் மாதத்தில்கூட அடிப்பக்கத்து உப்பைக் கழுவாமல் தூங்க மாட்டான். அக்காவை இதில் பாதி கவனித்தால் போதும் மாமா, அவள் கொடுத்து வைத்தவள் என்று பாலமுருகன் கேலி செய்வான்.

பாலமுருகன் சரசுவின் தம்பி. சொல்லக்கூடாத அந்தப் பெயர் அவனுடையது.

மற்ற வேலைகளை ஒற்றை ஆளாகச் செய்துவிடலாம். பிரேக்கில் ஏர் எடுப்பதற்கு, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு, மட்டும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து மூன்று முறை மிதித்து, மிதித்தபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே கிடப்பவர் சக்கரத்தின் நிப்பிளைத் திறப்பார். குழாய் வழியே ஆயிலும் காற்றுக் குமிழும் பாட்டிலுக்குள் இறங்கும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் போன காற்று திரும்ப ஏறிவிடும். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர் தெரிய மாட்டார். குரல் ஒன்றுதான்.

பாலா பாம்பூஃப்ளாட்டில் ஒரு கேரேஜில் வேலை பழகியவன். அங்கே பிடித்துக்கொண்ட இந்தியைத்தான் இந்த வேலைக்கும் கொண்டுவந்தான். மிதிக்க 'தபா'. பிடிக்க 'பகட்'. விடுவதற்கு 'சோட்'. செந்தமிழன் கீழேயிருந்து கத்த, பாலா வாயைத் திறக்க மாட்டான். பிடித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக வெள்ளி மோதிரத்தால் கதவில் இரண்டு தட்டு. அவ்வளவுதான். 'சோட்' என்று காதில் விழாமல் காலை எடுக்கவே மாட்டான். ஒருமுறை அவன் காலில் சாண் நீளத்துக்கு ஒரு பூரான் ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே மிதித்திருந்தான். மாமா இன்னும் சொல்லவில்லையே என்றான் பிறகு, கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே.

ஜூன் மாதத்துக் காற்றில் நண்பர்களோடு டிங்கிப் படகில் மீன்பிடிக்கப் போனான். பாறைத்திட்டில் டிங்கி கவிழ்ந்தது. மற்ற இருவர் நீந்தி வந்தார்கள். பாலா வரவில்லை, உடலும் வரவில்லை.

சரசு அழவில்லை. அதுதான் செந்தமிழனை அரித்தது. சாயங்காலம் ஆனால் போதும், வீட்டுக்குப் பக்கத்தில் சரிந்து இறங்கும் பழைய ரோட்டின் முனைக்குப் போய் நின்றுவிடுவாள். கடல் பொங்கி ஊருக்குள் வந்த வருஷத்தில் நிலம் தாழ்ந்து, அந்த ரோடு பாதியோடு தண்ணீருக்குள் போய்விட்டது. கறுத்துப்போன தார் மேடு நேராக இறங்கி உப்புத் தண்ணீருக்குள் மறையும். அந்தப் பக்கம் ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில் பட்ட மரங்கள் இடுப்பளவு நீரில் நிற்கும். ஒரு நாள் அவன் மீன் இறக்கித் திரும்பி வந்தபோது சரசுவும் அந்த மரங்களோடு ஒரு மரமாக இடுப்பளவு நீரில் நின்றுகொண்டிருந்தாள். இழுத்துக்கொண்டு வந்து கரையேற்றியபோது, தண்ணீர் கதகதப்பாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

இனி ஒரு நாள்கூட அவளை இந்தத் தண்ணீர் ஓரம் வைத்திருக்கக் கூடாது என்று முடிவெடுத்தான். போர்ட் பிளேரில், மரைன் ஹில் மேட்டில் அவள் அக்கா மீனா வீட்டு மாடி காலியாக இருந்தது. நாளை காலை சாமானை ஏற்றிக்கொண்டு குடிபோகிறார்கள். மூட்டைகள் கட்டியாகிவிட்டன. ஆனால் பிரேக் பெடல் பஞ்சுபோல அமுங்குகிறது, மரைன் ஹில் ஏற்ற இறக்கத்தில் பாரத்தோடு அந்த வண்டியை ஓட்ட முடியாது. ஆகவே இன்றைக்குள் ஏர் எடுத்தே ஆக வேண்டும்.

கல்லும் சேறும் இல்லாமல் முதுகைச் சாய்க்கக்கூடிய இடம் அந்தப் பழைய தார் ரோடுதான். எப்போதும்போல வண்டியின் பின்பக்கம் தண்ணீரைப் பார்க்க நிறுத்தியிருந்தான். பின் பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்ததில் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து கிடந்தது. சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டியிருந்ததால் வண்டியைக் கியரிலும் போடவில்லை. பின் சக்கரங்களுக்கு அண்டையாகப் படாக் மரக்கட்டைகள் இரண்டு. இத்தனை வருஷமும் அவற்றை நம்பித்தான் கீழே படுத்திருக்கிறான். தண்ணீர் ஏற இன்னும் நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடலாம் என்று கணக்கு.

மிதிக்க நீ வருகிறாயா என்று சரசுவைக் கேட்டபோது, வருகிறேன் என்று உடனே சொன்னாள். முதல் சக்கரம், பின் இடது, நன்றாகவே போனது. "மிதி." "பிடி." அவள், "ம்." "விடு." நடுவில் ஒருமுறை, இப்படியா ஒவ்வொரு தடவையும் கத்துவீர்கள் என்று சிரித்தாள். கீழே கிடந்தவனுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று.

இரண்டாவது சக்கரத்தில்தான் வேலை கெட்டது. பின் வலது நிப்பிள் உப்பில் இறுகிப்போயிருந்தது. சுத்தியலால் தட்டினான். மண்ணெண்ணெய் விட்டான். மறுபடியும் தட்டினான். தட்டும் சத்தம் தகரத்தில் மோதி காதை அடைத்தது. டிசம்பர் வெளிச்சம் ஐந்து மணிக்கே விடைபெற்றுக்கொள்ள, பட்ட மரங்களுக்குப் பின்னால் இருட்டாகிவிட்டது. வீடுகளில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். கடைசியில் நிப்பிள் அசைந்த அதே நொடியில் ஸ்பானர் நழுவி, விரல் முட்டித் தோல் உரிந்தது. வலியில் பழைய பழக்கம் வாயில் வந்தது.

"பாலா, பகட்!"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். சரசு இப்போது உடைந்துபோய் அழப் போகிறாள் என்று காத்திருந்தான்.

டொக், டொக்.

ஆக, தம்பி தட்டுவதுபோல அவளே தட்டிவிட்டாள். பெயரைக் கேட்டும் தாங்கிக்கொண்டாள். செந்தமிழனுக்கு நெஞ்சு இளகிப்போனது. வேலையைத் தொடர்ந்தான்.

"தபா" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தான். மூன்று மிதி. ஒவ்வொரு மிதிக்கும் வண்டியின் பின்விளக்குகள் சிவப்பாக எரிந்து அணைந்தன. அந்தச் சிவப்பில் பட்ட மரங்கள் தோன்றித் தோன்றி மறைந்தன. மூன்றாவது மிதியில் விளக்கு அணையாமல் நின்றது. டொக், டொக். நிப்பிளைத் திறந்தான். குமிழ்கள் சரசரவென்று பாட்டிலுக்குள் பாய்ந்தன. "சோட்." சிவப்பு அணைந்தது.

சரசு மிதித்தபோது பெடல் தயங்கித் தயங்கி இறங்கியது. இப்போது ஒரே அழுத்து, அடிவரை, அலுங்காமல். பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். வேலை இத்தனை சுலபமாகப் போய் ஆறு மாதம் ஆகிறது. அந்தச் சுகத்தில் வேறெதையும் கவனிக்கவில்லை. இரண்டாவது சக்கரம் முடிந்தது. சாக்கை இழுத்துக்கொண்டு, பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, வண்டிக்கு அடியிலேயே முன் இடது சக்கரத்துக்கு ஊர்ந்து போனான். அதன் பிறகு முன் வலது ஒன்றுதான் பாக்கி. டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருப்பது.

முன்பக்கம் குளிராக இருந்தது. டீசல் வாடையோடு வேறொரு வாடையும் கலந்திருந்தது. தண்ணீர் வற்றும்போது கண்டல் வேர்களில் இருந்து கிளம்புமே, அழுகிய இலையும் சேறும் செத்த நண்டின் ஓடும் கலந்த அந்த வாடை. அது கடல் பக்கமிருந்து, காலடியிலிருந்து வர வேண்டும். மேலிருந்து வந்தது.

சொட்.

முன்கையில் ஒரு துளி. பிரேக் ஆயில் கசிகிறது என்று பதறி டார்ச்சை அடித்தான். குழாய்கள் எல்லாம் உலர்ந்திருந்தன. கேபின் தரையில் துருப்பிடித்த ஓட்டை ஒன்று உண்டு. அதன் விளிம்பில் இன்னொரு துளி திரண்டு, நீண்டு, அவன் உதட்டின் மேல் விழுந்தது. பிரேக் ஆயில் நாக்கில் பட்டால் எரியும். இது எரியவில்லை.

உப்பு.

காலையில் கேபினைக் கழுவினோம், அந்தத் தண்ணீர்தான் என்று சொல்லிக்கொண்டான். காலையில் கழுவியது கிணற்றுத் தண்ணீரில் என்ற நினைவு உடனே வந்தது. அதைத் தள்ளிவிட்டு நிப்பிளில் ஸ்பானரை மாட்டினான்.

"தபா."

மூன்று மிதி. டொக், டொக். குமிழ். "சோட்."

டார்ச் வெளிச்சம் தற்செயலாக வலது பக்கம் போனது. முன் வலது சக்கரத்தின் ஸ்பிரிங் அமுங்கி வளைந்திருந்தது. ஐஸ் பெட்டி நிறைய ஏற்றினால் பின்பக்கம் அமுங்குமே, அந்த அளவுக்கு. சரசு ஒல்லி. இந்த ஆறு மாதத்தில் இன்னும் பாதியாகிவிட்டிருந்தாள். அவள் உட்கார்ந்து எந்த ஸ்பிரிங் அமுங்கும்?

அப்போது வீட்டுச் சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. பாத்திரம் ஒன்றைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஜன்னலிலிருந்து சரசுவின் குரல்.

"என்னங்க, சோறு வடிச்சிட்டேன். ரெண்டாவது சக்கரத்துக்கு வந்து உக்காரட்டுமா?"

செந்தமிழனுக்கு மூச்சு உள்ளே போனது. வெளியே வரவில்லை.

சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தபோது ஒருமுறை கதவு திறந்து மூடியது காதில் விழுந்ததுதான். அவள் இறங்கிப் போயிருக்கிறாள். சொல்லிவிட்டுத்தான் போயிருப்பாள், அவனுக்குக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு கதவுச் சத்தமே இல்லை. யாரும் ஏறவில்லை. இரண்டாவது சக்கரம் முடிந்தது. மூன்றாவதும் முடிந்தது. பாட்டிலில் ஆயில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

ஜெட்டியில் டீக்கடை வைத்திருக்கும் அக்கா, ஷீலா தீதி, முன்பொரு நாள் சொன்னது இப்போது முழுதாக நினைவுக்கு வந்தது. கடல் வைத்துக்கொண்டவனை விளக்கு வைத்த பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடாதே. அழுதால்கூட அவனுக்குக் கேட்காது. வேலைக்குக் கூப்பிட்டால் கேட்கும். அன்று அவன் டீயைக் குடித்துக்கொண்டே சிரித்திருந்தான்.

தலைக்கு மேலே சீட் கிறீச்சிட்டது. யாரோ சற்று நகர்ந்து உட்கார்வதுபோல.

அவனுக்கு ஒன்றுதான் தோன்றியது. சரசு இங்கே வரக்கூடாது. மேலே இருப்பது யார் என்று அவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவள் ஓடி வருவாள். அலறிக்கொண்டு அல்ல, ஆசையாக ஓடி வருவாள். அதை நினைக்கத்தான் அவனுக்குப் பயமாக இருந்தது, மேலே இருந்ததைவிட.

"வேணாம் சரசு. நீ உள்ளயே இரு. முடிஞ்சிருச்சு." குரலை இழுத்துப் பிடித்துச் சாதாரணமாகச் சொன்னான்.

"முடிஞ்சிருச்சா? யார் மிதிச்சது?"

"பெடலுக்கு ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து நானே பாத்துக்கிட்டேன். நீ கதவைச் சாத்திக்க. கொசு வரும்."

சரி என்று அவள் முணுமுணுத்ததுபோல இருந்தது. ஜன்னல் கதவு நகரும் சத்தம் கேட்டது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சாத்திவிடு தாயே, சாத்திவிடு.

டொக், டொக்.

அவன் 'தபா' சொல்லவில்லை. 'பகட்' சொல்லவில்லை. அடுத்த சக்கரம் எங்கே மாமா என்று கேட்பதுபோல, சத்தமாக, தெளிவாக.

ஜன்னல் பாதியில் நின்றது.

பிறகு செருப்புச் சத்தம். முதலில் மெதுவாக. வாசல்படியில் ஒருமுறை நின்றது. அப்புறம் ஓட்டம்.

"சரசு, வராத! வராதன்னு சொல்றேன்ல!" கத்தினான். எழப் பார்த்துத் தலையை இரும்பில் இடித்துக்கொண்டான். சட்டை எதிலோ மாட்டியது. முதுகுக்கு அடியில் சாக்கு சில்லென்று நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்துக்கு நேரம் ஆகவில்லை, ஆனால் தண்ணீர் ஏறிவிட்டது. பின் சக்கரங்கள் இருந்த இடத்தில் சலசலவென்று அலை.

அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. டிரைவர் பக்கத்துக் கதவுக்குக் கீழே வந்து நின்றன. செருப்புக்கு மேலே உலர்ந்த பாதங்கள், மருதாணி அழிந்த நகங்கள். கதவு திறந்தது. கேபினுக்குள் இருந்து தண்ணீர் ஒரு குடம் கவிழ்ந்ததுபோலக் கொட்டி அந்தப் பாதங்களை நனைத்தது. அவள் பின்வாங்கவில்லை.

"வந்துட்டியாடா" என்றாள்.

அவன் உருண்டு, கையை நீட்டி, அவள் கணுக்காலைப் பிடித்தான். பிடித்தேவிட்டான். சூடு தெரிந்தது, நரம்பு துடிப்பது தெரிந்தது. அந்தக் கால் குதிகாலை உயர்த்தி, விரல்களில் நின்று, மேலே போனது. அவன் கையில் செருப்பு மட்டும் இருந்தது.

கதவு சாத்திக்கொண்டது.

சட்டையைக் கிழித்துக்கொண்டு இடதுபக்கமாக வெளியே வந்தான். அதற்குள் முழங்கால் தண்ணீர். படாக் கட்டைகள் இரண்டும் கழன்று மிதந்து போய்க்கொண்டிருந்தன. வண்டி மெல்ல முனகி, பின்னால் ஒரு முழம் நகர்ந்தது.

"பகட்!"

யோசித்துச் சொல்லவில்லை. அலறினான்.

சிவப்பு விளக்குகள் எரிந்தன. வண்டி நின்றது.

டொக், டொக்.

தண்ணீர் முழுவதும் சிவப்பு. பட்ட மரங்கள் சிவப்பு. அவன் இடது கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான். வரவில்லை. கண்ணாடியில் முகத்தை ஒட்டினான். உள்ளே ஆவி படர்ந்திருந்தது. டிரைவர் சீட்டைத் தாண்டி வந்து சரசு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள், சேலை நனைந்து, முகம் மலர்ந்து. அவளுக்கு அந்தப் பக்கம் ஸ்டியரிங்கின் மேல் ஒரு கை. நெடுநாள் ஊறி வெளுத்துச் சுருங்கிய விரல்கள். வெள்ளி மோதிரம். அதற்கு மேலே அவன் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

கீழே பெடலின் மேல் ஒரு பாதம். அழுத்தி. அசையாமல்.

சொல்லும்வரை எடுக்க மாட்டான். அது செந்தமிழனுக்குத் தெரியும். பூரான் கடித்தபோதுகூட எடுக்காதவன். இப்போது வண்டியைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு கால்தான். ஒரு கல் போதும். ஒரு கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டால், கண்ணாடியை உடைத்து அவளை இழுத்துக்கொள்ளலாம். அதுவரை வாயைத் திறக்கக் கூடாது. யாரும் திறக்கக் கூடாது.

கண்ணாடியில் மெல்லத் தட்டினான். கையெடுத்துக் கும்பிட்டான். இறங்கு, இறங்கிவிடு என்று சைகை காட்டினான். தன் வாயின் மேல் விரலை வைத்துக் காட்டினான். பேசாதே, சரசு, பேசாதே.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு முன்பிருந்த முகம். அதே சிரிப்பு. கண்ணாடிக்குள்ளிருந்து அவள் குரல் தாழ்ந்து கேட்டது, செல்லமாகக் கடிந்துகொள்வதுபோல.

"எவ்வளவு நேரமா இப்படியே பிடிச்சிருக்கான். பாவம், கால் வலிக்காதாங்க அவனுக்கு?"

"சரசு..."

அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். இத்தனை வருஷம் சமையலறை ஜன்னலிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்த வார்த்தை தெரிந்திருந்தது.

"சோட் பாலா" என்றாள்.

சிவப்பு அணைந்தது.

வண்டி சத்தமில்லாமல் போனது. பழைய தாரில் டயர் உருளும் மெல்லிய ஓசை. அவன் கைப்பிடியைப் பிடித்தபடி கூடவே போனான், விழுந்தான், இழுபட்டான். கை வழுக்கியது. தண்ணீர் பிளந்து, மூடிக்கொண்டது. எங்கோ கீழே காற்றுக் குமிழ்கள் வெளியேறும் சத்தம். சரசரவென்று, ஏர் எடுக்கும்போது பாட்டிலில் கேட்பதுபோல. அதுவும் நின்றது.

இருட்டு. கழுத்தளவு தண்ணீர். கையில் ஒற்றைச் செருப்பு. தண்ணீர் கதகதப்பாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி நின்றானோ. அந்தப் பக்கம், பட்ட மரங்களுக்கு நடுவே, ஆழத்தில், தண்ணீர் சிவந்தது. அணைந்தது. மறுபடி சிவந்தது. அணைந்தது. மூன்றாவது முறை சிவந்து, அப்படியே நின்றது. மரங்கள் வேர்வரை தெரிந்தன.

நான்காவது சக்கரம் பாக்கி இருந்தது.

டொக், டொக். காதில் இல்லை, முழங்கால் எலும்பில் கேட்டது. அவன் சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றான்.

சற்றுப் பொறுத்து, அதே இடத்திலிருந்து, தண்ணீருக்கு அடியிலிருந்து, இன்னொரு பதில் வந்தது.

"ம்."